சாதாரண ஜீன்ஸை எழுபதுகளின் பெல்பொட்டமாக மாற்றுவது எப்படி

பாடசாலைக் கலைவிழாவுக்கோ மேடை நாடகத்துக்கோ எழுபதுகளின் இளைஞனைக் காட்ட வேண்டுமா? பழைய ஜீன்ஸ் ஒன்று போதும். முழங்கால்வரை ஒட்டி நின்று, அதற்குக் கீழே சட்டென்று விரிவதுதான் அந்தக் காலத்து வெட்டு. அது மாலுமிகளுடைய வெட்டு. அமெரிக்கக் கடற்படையின் உபரிக் காற்சட்டைகளை அறுபதுகளின் ஹிப்பி இளைஞர்கள் மலிவாக வாங்கிப் போட்டார்கள். கிடைக்காதவர்கள் தங்கள் ஜீன்ஸின் தையலைப் பிரித்து முக்கோணத் துண்டு வைத்தார்கள். 1971இல் தொடங்கிய, அமெரிக்கப் பாடகர்களான சொனி, ஷெர் தம்பதியின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த திருகோணமலைக்கு அந்த மாலுமிக் காற்சட்டை புதிதல்ல.

அந்த முக்கோண ஒட்டுத்துணிக்குப் பூப்போட்ட பருத்தித் துணியே பொருத்தம். ஹிப்பிகளும் அதைத்தான் வைத்தார்கள். பழைய சாரமும் நன்றாக இருக்கும். சேலைத் துண்டென்றால் அடியில் பொப்ளின் கொடுங்கள், இல்லாவிட்டால் டெனிமின் பாரத்துக்குத் தொய்ந்துவிடும். திருகோணமலை மத்திய வீதிப் புடவைக்கடையில் புதுத்துணி வாங்கினால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். கச்சான் காற்றில் அரைநாள் போதும். நனைக்காமல் தைத்தால் முதல் கழுவலிலேயே ஒட்டு சுருங்கி, தையல் நெடுகச் சுருக்கம் விழும்.

வெளிப்பக்கத் தையலையே பிரியுங்கள். உட்பக்கம் பெரும்பாலும் மடித்து இரட்டைத் தையல் போட்டது. அதைப் பிரித்தால் துணி கிழியும். கால் மடிப்பை அவிழ்த்துவிட்டு, முழங்காலுக்கு ஓரங்குலம் கீழே வரை பிரித்து, அந்த இடத்தில் பழைய தையலை முன்பின்னாக ஓட்டி இறுக்குங்கள். பிரித்த நீளம் 14 அங்குலம் என்று வைப்போம்.

பலர் பிழைவிடுவது முக்கோணத்தின் அடியில்தான். அடியை நேராக வெட்டினால் நடுப்பகுதி அரையங்குலத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் துணியின் நீளவாட்டு நூலுக்கு நேராக நடுக்கோடு கீறி, உச்சியில் குண்டூசி குத்தி, 14½ அங்குல நூலில் சோக்கைக் கட்டி வளைவாகக் கீறுங்கள். அடியகலம் 9 அங்குலம். இரு பக்கமும் அரையங்குலம் தையலுக்குப் போக 8 மிஞ்சும். 16 அங்குலமாக இருந்த காலின் அடிச்சுற்றளவு 24 ஆகும்.

16ஆம் இலக்க ஊசி போடுங்கள். உச்சியிலிருந்து அரையங்குலம் கீழே தொடங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக மேலிருந்து கீழே தையுங்கள். உச்சியில் முன்பின் ஓட்டாமல் நூலைக் கையால் முடியுங்கள். ஓட்டினால் அங்கே குமிழ் விழும்.

உடனே கால் மடிக்க வேண்டாம். சாய்வாக வெட்டிய ஓரங்கள் தொங்கத் தொங்க இறங்கும். ஓரிரவு கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் மேடைக்குப் போடும் குதி உயர்ந்த சப்பாத்தோடு போட்டுப் பார்த்து, நிலத்துக்கு அரையங்குலம் மேலே நிற்கும்படி அடையாளமிட்டு மடியுங்கள்.