சமையலில் மிச்சம் பிடித்து உண்டியலை நிரப்புவது எப்படி? புதுக் குடித்தனக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சிக்கனமாகச் சமைக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்தச் சிக்கனம் மாதக் கடைசியில் கையில் பணமாக நிற்கிற வீடுகள் கொஞ்சம்தான். திங்கட்கிழமை ரசமும் துவையலுமாக ஒப்பேற்றி 40 ரூபாய் மிச்சம் பிடித்திருப்போம். புதன்கிழமை சாயங்காலம் அது பஜ்ஜியாகவோ ரீசார்ஜாகவோ போயிருக்கும், எப்படிப் போனது என்றுகூடத் தெரியாது. அதனால்தான் இங்கே சமையலையும் உண்டியலையும் சேர்த்தே சொல்கிறேன். சமையலில் மிஞ்சிய காசில் பாதி அன்றைக்கு ராத்திரியே உண்டியலுக்குள் விழ வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

கணக்கு நான்கு பேர் உள்ள வீட்டுக்கு. விலையெல்லாம் எங்கள் கொங்குப் பக்கத்தை வைத்துத் தோராயமாகச் சொல்வது. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: வாரப் பணத்தை நோட்டாகக் கையில் எடுங்கள்

ஜிபே, போன்பே வந்தபிறகு சில்லறை என்பதே வீட்டுக்குள் வருவதில்லை. 45 ரூபாய்க்குக் காய் வாங்கினால் 45 ரூபாய் போகிறது, அவ்வளவுதான். 50 ரூபாய் நோட்டை நீட்டினால் ஐந்து ரூபாய் திரும்பி வரும், அந்த ஐந்து ரூபாய்க்குத்தான் உண்டியல். மின் கட்டணம், கேஸ், பள்ளிக் கட்டணம் எல்லாம் போனிலேயே கட்டுங்கள். காய், கீரை, முட்டை, திடீர் மளிகை ஆகியவற்றுக்கு மட்டும் வாரத்துக்கு 700 ரூபாய் என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்து, தனிப் பர்ஸில் வையுங்கள். நாளுக்கு 100 ரூபாய். 500 ரூபாய் நோட்டாக வைத்தால் அது மாற்றும்வரை பத்திரம், மாற்றியபிறகு காணாமல் போகும். எனவே முதலிலேயே நூறாகவும் ஐம்பதாகவும் மாற்றிவிடுங்கள்.

மிச்சத்துக்கு மிட்டாய் கொடுக்கிற கடையில், மிட்டாய் வேண்டாம், இரண்டு ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

படி 2: இரண்டு பாத்திரம் வையுங்கள்

ஒன்று மண் உண்டியல். உடைத்தால்தான் காசு வெளியே வரும் என்பதுதான் அதன் சிறப்பு. பூட்டுப் போட்ட தகர உண்டியலுக்குச் சாவி இருக்கும், சாவி இருந்தால் அவசரமும் வந்துவிடும். இதில் 5, 10, 20 ரூபாய் நாணயங்களும் பத்து ரூபாய் நோட்டுகளும் மட்டும்.

இன்னொன்று மூடியில்லாத பழைய டப்பா. இது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு. பால்காரருக்கு, பிள்ளைகளின் பென்சிலுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் சில்லறையையும் உண்டியலில் அடைத்துவிட்டால், நான்கு நாளில் நாமே குச்சியை விட்டு நோண்ட ஆரம்பிப்போம்.

10 ரூபாய் நாணயம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெவ்வேறு சமயங்களில் வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. பாட்டி வீட்டு அலமாரியில் கிடைக்கிற 25 காசு மட்டும் 2011 ஜூனுக்குப் பிறகு செல்லாது.

பெண்களுக்கு இன்னொரு வரவும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டணமில்லாமல் போய்வந்த அன்றைக்கு, டிக்கெட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசை அப்படியே உண்டியலில் போடுங்கள். போடாவிட்டால் அந்தச் சலுகை எங்கே போனது என்றே தெரியாது.

படி 3: ரேஷன் வாங்கியபிறகு மளிகைப் பட்டியல் எழுதுங்கள்

பலரும் முதல் தேதியே மளிகை வாங்கிவிட்டு, அப்புறம் ரேஷனில் கிடைப்பதை உபரியாக வைக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக் கடையில் துவரம் பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பருப்பும் எண்ணெயும் வந்துவிட்டதா என்று பார்த்து, வாங்கியபிறகு பட்டியல் எழுதினால் அந்த இரண்டு வரிகள் குறையும்.

ரேஷன் அரிசி நன்றாக இருக்காது என்று முகம் சுளிப்பவர்களுக்கு: மூன்று தடவை களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் வைக்காமல் பானையில் வடித்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையா, சரி, புழுங்கலரிசியை இட்லி மாவுக்கும் பச்சரிசியை இடியாப்ப மாவுக்கும் ஒதுக்குங்கள். அதிலேயே கணிசமாக மிச்சமாகும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதலாவது திறந்தது, இன்றைக்குப் பல ஊர்களில் இருக்கிறது. வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். பையை நீட்டுவதற்கு முன்னால் அதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், அன்றைக்கு எது மலிவோ அதுதான் மெனு. தக்காளி ஏறியிருக்கிறதா, அந்த வாரம் புளிக்குழம்பு. சுரைக்காய் மலிவா, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள்தான் சந்தையிலும் அதிக விலை கொடுப்பவர்கள்.

படி 4: வாரத்தில் மூன்று நாள் மலிவுச் சமையல்

ஏழு நாளும் வேண்டாம். ஏழு நாளும் இறுக்கிப் பிடித்தால் எட்டாம் நாள் வீட்டில் எல்லோரும் பரோட்டா பார்சல் கேட்பார்கள், ஒரே ராத்திரியில் 300 ரூபாய் போகும். மூன்று நாள் போதும்.

முதலில் கொள்ளு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே வேகவைப்பில் பருப்பும் ரசமும் கிடைக்கிற தானியம் இது. 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதமும் இருக்கிறது.

முதல் நாள் ராத்திரி ஒரு டம்ளர் கொள்ளை, அதாவது சுமார் 200 கிராம், தட்டில் பரப்பிப் பாருங்கள். கொள்ளில் வருகிற கல் கொள்ளு நிறத்திலேயே, கொள்ளு அளவிலேயே இருக்கும். கண்ணால் பார்த்தது போதாது, அரிக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் கொள்ளைப் போட்டு நிறையத் தண்ணீர் விடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து லேசாக ஆட்டுங்கள். மேலே எழும்புகிற கொள்ளைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்துக்குச் சரியுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டுதல். கடைசியில் அடியில் கால் பிடி கொள்ளு நிற்கும்போது விரலால் நெருடினால் கல் தட்டுப்படும். பொறுக்கிப் போட்டுவிட்டு ஊறவையுங்கள். ஒரு கல் பல்லில் மாட்டினால், அப்புறம் பிள்ளைகள் கொள்ளுப் பக்கமே வரமாட்டார்கள்.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக நான்கு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஆறேழு விசில். கொள்ளை நசுக்கினால் நசுங்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். வெந்த தண்ணீரைத் தனியாக வடித்து எடுங்கள். அது ரசத்துக்கு, கொட்டிவிடாதீர்கள்.

பருப்புக்கு: ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு ஸ்பூன் கொத்தமல்லி விதை, நான்கு வரமிளகாய், பத்து சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் வதக்கி ஆறவிடுங்கள். இதை முதலில் மிக்ஸியில் அரைத்து, அதன்மேல் கொள்ளைப் போட்டு உப்புச் சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒன்றிரண்டாக உடைய வேண்டும், மையாக அரைத்தால் களிபோல் ஆகிவிடும். அரைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி வெந்த கொள்ளை எடுத்து வைத்துவிடுங்கள்.

ரசத்துக்கு: அந்தக் கைப்பிடிக் கொள்ளை நன்றாக மசித்து, வடித்த தண்ணீரோடு கலக்குங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நான்கு பல் பூண்டு மூன்றையும் தட்டிப் போடுங்கள். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இந்தக் கரைசலை ஊற்றி உப்புப் போடுங்கள். விளிம்பில் நுரை கட்டி எழும்பும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். மேலே கொத்தமல்லித் தழை.

சுடு சோற்றில் கொள்ளுப் பருப்பு, மேலே நல்லெண்ணெய். அடுத்து ரசம். தொட்டுக்கொள்ள ஒரு கட்டுக் கீரைப் பொரியல். கொள்ளு 20, வெங்காயம் பூண்டு மசாலா 25, கீரை 15 என்று 60 ரூபாய்க்குள் முடியும். அந்த நாளின் 100 ரூபாயில் 40 மிச்சம்.

இரண்டாவது, மாவு. நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இட்லி அரிசியில் பாதியை ரேஷன் புழுங்கலரிசியாக மாற்றினால் இட்லிக்கு ஒரு குறையும் வராது. முழுக்க மாற்றினால் உளுந்தின் தரத்தைப் பொறுத்து கொஞ்சம் அழுத்தமாக வரலாம். நல்ல உளுந்துக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள், பழைய உளுந்து பொங்கிவராது. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். கடை மாவுப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிச் செலவு.

மூன்றாவது, முட்டைக் குழம்பு. வெங்காயம் தக்காளிக் குழம்பு கொதிக்கும்போது அடுப்பைக் குறைத்து, முட்டையை உடைத்து நேராக ஊற்றி மூடிவிடுங்கள், கலக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று. ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் குழம்பு அடர்த்தியாக, இரண்டு வேளைக்கு வரும்.

பீர்க்கங்காய்த் தோலைத் துவையலுக்கும், கொத்தமல்லித் தண்டை ரசத்துக்கும் எடுத்துவையுங்கள். ஆனால் பாலிலும் பருப்பிலும் பிள்ளைகளுக்குக் குறைத்துச் சேமிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் மிஞ்சுகிற காசு பிற்பாடு மருந்துக் கடைக்குத்தான் போகும்.

கேஸ் பற்றி ஒரே ஒரு விஷயம்: புது சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தெரிந்தால்தான், பயறுகளை ஊறவைத்துச் சமைப்பது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 5: ராத்திரி இரண்டு நிமிடம்

பாத்திரம் கழுவி முடித்ததும் பர்ஸை எடுங்கள். அன்றைக்குக் கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி: எடுத்தது 100, செலவு 60, மிச்சம் 40. மிச்சத்தில் பாதி உண்டியலுக்கு, பாதி ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு. மொத்தத்தையும் உண்டியலில் போடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மலிவுச் சமையலைச் சாப்பிட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வந்தால், அடுத்த வாரம் கொள்ளை யாரும் முனகாமல் சாப்பிடுவார்கள்.

மூன்று நாள் சமையலில் 60, கடைச் சில்லறையும் பஸ் காசும் ஒரு 30. வாரத்துக்கு 90 ரூபாய். மாதம் 350-ஐத் தாண்டும்.

படி 6: உண்டியலிலிருந்து அஞ்சலகத்துக்கு

மாதாமாதம் உண்டியலை உடைக்க முடியாது. அதனால் முதல் மாதம் மட்டும் மண் உண்டியல், எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்துகொள்ள. அதன்பிறகு வாய் அகலமான ஜாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். சில்லறையை நோட்டாக மாற்றப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள், அவர்களுக்கு எப்போதும் சில்லறை தேவை. வங்கிக் கிளைகளும் நாணயங்களை வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நூறு நூறாக எண்ணிச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

அஞ்சலகத் தொடர் வைப்பு, நாம் ஆர்டி என்று சொல்வது, மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், அதற்குமேல் பத்து பத்தாகக் கூட்டலாம். காலம் ஐந்து வருடம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக உயர்ந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மறுபரிசீலனை செய்யும், ஆனால் கணக்குத் திறந்த அன்று இருந்த வட்டியே கடைசிவரை. 6.7 சதவீதத்தில் மாதம் 300 ரூபாய் கட்டினால் ஐந்து வருடத்தில் 18,000 கட்டியிருப்பீர்கள், சுமார் 21,400 கையில் வரும். உங்களுக்குச் சேர்வது 350 என்றால் கணக்கை 300-க்கே திறங்கள், மிச்சம் 50 ஜாடியிலேயே கிடக்கட்டும். கல்யாண மொய் வைக்க வேண்டி வருகிற மாதத்தில் அது கைகொடுக்கும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம்.

மாதத்தின் முதல் 15 நாளுக்குள் கணக்குத் திறந்தவர்கள் ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16-க்கு மேல் திறந்தால் மாதத்தின் கடைசி வேலை நாள்வரை நேரம் உண்டு. சில்லறையை எண்ணிச் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி. எனவே விண்ணப்பம், ஆதார் நகல், புகைப்படம் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு 16-ம் தேதிக்கு அப்புறம் போங்கள்.