ஸ்கேன் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்

வினாத்தாள் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வந்த மறுநாள்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்த ஆரம்பித்தது. பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாகக் கிடந்தன. பழியைக் கடைக்காரர் மேல் போட்டுவிட்டேன். பாதிதான் சரி.

எதையும் திறக்காமல் சும்மா விட்டாலே உள்ளே ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். என்னதான் ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பத்து விநாடியில் அடங்கிவிடும். மூடினால் மறுபடி கத்தல். நம் கரண்ட்டில், நம் மெஷினில், வேறு யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும் மைனர் என்றொரு வகை உண்டு. அதில் சில, டாஸ்க் மேனேஜரைக் கண்டதும் பதுங்கிக்கொள்ளும். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் முடித்து, ஒன்றும் இல்லை என்றது. நிம்மதியாகப் படுத்தேன். காலையில் அதே சத்தம்.

அத்தனை ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டரை முக்கால் மணி நேரத்தில் எப்படி முழுதாகப் பார்த்தது? அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’, அதில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போங்கள். கடைசிவரை கீழே இறங்கினால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கும். இதையெல்லாம் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. நீங்களாக எதையும் சேர்க்காதிருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாகத்தான் இருக்க வேண்டும். எங்களுடையதில் சி டிரைவ் முழுவதும் இருந்தது! காவல்காரனிடம் வீட்டுப் பக்கமே திரும்பாதே என்று சொல்லிவைத்த கதை.

மகனைக் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமைக் கிராக்கோடு (காசில்லாமல் ஓடவைக்கும் திருட்டு நிரல்) இறக்கியிருக்கிறான். “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னாங்கம்மா, அது சும்மா தப்பா காட்டுமாம்” என்றான். அவன் ஆஃப் செய்த நேரத்தில் உள்ளே வந்தது தன் பங்குக்கு அந்தப் பட்டியலில் எழுதிக்கொண்டது.

சரி, என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பட்டியலில் இருந்ததை நீக்கினேன். அதே பக்கத்தில் ‘ரியல் டைம் புரொடெக்ஷன்’, ‘டேம்பர் புரொடெக்ஷன்’ இரண்டையும் ஆன் செய்தேன். அப்புறம் ‘புரொடெக்ஷன் அப்டேட்ஸ்’ போய்ப் புது அப்டேட்டை இறக்கிவிட்டு நெட்டைத் துண்டித்தேன். அப்டேட்டுக்கு முன்னால் துண்டித்துவிடாதீர்கள், பழைய வைரஸ் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடும். பவர் செட்டிங்கில் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்கிவிட்டு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ வழியாக ஃபுல் ஸ்கேன். இந்த முறை மூன்றரை மணி நேரம், ஏழு சிவப்பு வரிகள். எல்லாவற்றுக்கும் ‘ரிமூவ்’ கொடுத்தேன். பிறகு ‘ஆப்ஸ்’ பட்டியலில் அந்தக் கேமையும் தூக்கினேன்.

இதோடு விடக்கூடாது. விண்டோஸ் ஓடும்போது தானும் ஓடுகிற நிரலைப் பிடிப்பது கஷ்டம். அதற்குத்தான் அதே ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் கடைசியாக ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடும். சுமார் கால் மணி நேரம்தான். முடிவு ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும்.

இரண்டாவது ஆளிடமும் காட்டுவது நல்லது. நான் மால்வேர்பைட்ஸ் என்ற இன்னொரு ஸ்கேனரின் இலவசப் பதிப்பைப் போட்டேன். இன்னும் இரண்டு கிடைத்தன. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் உண்டு. இறக்கிய பத்து நாளில் அது காலாவதியாகிவிடும், அதனால் தேவைப்படும்போது புதிதாக இறக்க வேண்டும். எதுவானாலும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வரும் விளம்பரச் சுட்டியைத் தொடாதீர்கள், போலி ஸ்கேனரே வைரஸாக இருக்கும். எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டைச் சேர்த்து வைப்பதும் வேண்டாம், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

இப்போது பென் டிரைவ். ஷார்ட்கட்டை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும், அதனால் தொடாதீர்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் செய்யுங்கள் (விண்டோஸ் 11இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ஒளிந்திருக்கலாம்). பிறகு ‘வியூ’வில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கை எடுங்கள். காணாமல் போனதாக நினைத்த ஃபோல்டர்கள் மங்கலாக எட்டிப் பார்க்கும். என்னுடைய எட்டாம் வகுப்பு வினாத்தாள்கள் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் பத்திரமாக இருந்தன. வேர்டு, பிடிஎஃப், படங்களை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மேட் செய்தேன். வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கினேன். வலது மூலையில் “உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்” என்று எட்டிப்பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நாம் ‘அலோ’ கொடுத்த நோட்டிஃபிகேஷன். குரோமில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய்த் தூக்கிவிடலாம்.

கிராக்கோடு வருபவை பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் திருடுவது சகஜம். அதனால் மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் அல்ல, போனில் மாற்றினேன். கூகுள் கணக்கில் மற்ற சாதனங்களையெல்லாம் சைன் அவுட் செய்தேன். பணம் ஏதும் போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குத்தான் அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

ஃபேன் இப்போது ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃபாக மெயில் அனுப்பிவிடுகிறேன். மகனுக்கு ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்று தனியாகப் போட்டுக் கொடுத்தாயிற்று. எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் பெரும்பாலும் என் பாஸ்வேர்டு கேட்கும். போன வாரம் அடுப்படி வாசலில் வந்து நின்றான், “அம்மா, இது காசு கொடுத்து வாங்குற கேம்தான்” என்று.