பயிர்த்தடங்களைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

மண்ணுக்கடியில் புதைந்த அகழி, சுவர் போன்றவற்றால் மேலுள்ள பயிரின் நிறத்திலும் உயரத்திலும் தோன்றும் வேறுபாடுதான் பயிர்த்தடம். வான்படத்தில் வயல் நடுவே இப்படி ஒரு வட்டம் தெரிந்ததும் 'புதைந்த கட்டடம்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் தெரிவது, வேருக்கு எங்கே ஈரம் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பது மட்டும்தான். தூர்ந்துபோன அகழியின் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதன்மேல் பயிர் ஓங்கி வளர்ந்து, சுற்றிலும் கதிர் பழுத்த பிறகும் பச்சையாக நிற்கும். கல் அடித்தளத்தின் மேல் பயிர் குட்டையாகி, முந்திக்கொண்டு மஞ்சளாகும்.

ஆனால் 'கருமை என்றால் அகழி, வெளிர் என்றால் சுவர்' என்று வாய்ப்பாடு போடாதீர்கள். கல்லையெல்லாம் பெயர்த்தெடுத்த சுவரின் பள்ளத்தில் மண் நிரம்பியிருந்தால் அதுவும் அகழிபோல் பசுமையாகவே தெரியும். சரளை அடைந்த அகழி நேர்மாறாக வெளிறலாம்.

அடுத்த பொறி, போலித் தடங்கள். மீன்முள் வடிவில் கிளைத்தால் அநேகமாக நிலத்தடி வடிகால் குழாய்தான். சம இடைவெளியில் இரட்டைக் கோடுகள் ஓடினால் டிராக்டர் சக்கரம். குளிர்நாடுகளில் பலகோண வலை தெரிந்தால் பனியூழியில் நிலம் உறைந்து வெடித்த பிளவுகளாக இருக்கலாம். காளான் வளையங்களும் உண்டு. பழைய வரைபடங்களையும் முந்தைய வான்படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி போலிகள் கழன்றுவிடும். இப்போதைய வரப்பைச் சட்டைசெய்யாமல் கடந்து போகும் தடம் கவனிக்கத் தக்கது. ஆனால் எரிவாயுக் குழாயும் அப்படித்தான் போகும்!

ஒருமுறை பறந்து எதுவும் தெரியாவிட்டால் 'அங்கே ஒன்றுமில்லை' என்று எழுதிவிடக் கூடாது. கோதுமையும் பார்லியும் நன்றாகக் காட்டும். புல்வெளி கடும் வறட்சியில்தான் காட்டும். ஈரத்தை விடாத களிமண் தாமதிக்கும். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டின் அருகே ஒரு பெரிய வட்ட அடைப்பு 2018 கோடை வறட்சியில்தான் ட்ரோன் படங்களில் வெளிப்பட்டது. திசையும் முக்கியம். ஒரு பக்கத்திலிருந்து பளிச்சென்று தெரியும் தடம் எதிர்ப்பக்கத்திலிருந்து மறைந்துவிடும். அதனால் இடத்தைச் சுற்றிவந்து பல கோணங்களில் எடுங்கள்.

சாய்வாக எடுத்த படத்தின் மேல் அளவுகோலை வைப்பது வீண். முதலில் வரைபடத்தோடு பொருந்தும் நான்கு புள்ளிகளாவது தேர்ந்து படத்தை நேராக்க வேண்டும். அவை தடத்தைச் சூழ்ந்திருக்கட்டும்; ஒரே மூலையில் குவிந்தால் பிழை பெருகும். மேடுபள்ளமான நிலத்துக்கு உயரத் தரவும் தேவை. அப்போதும் தடத்தின் அகலத்தை அகழியின் அகலமாகக் கொள்ள முடியாது. ஓரங்களில் பயிர் மாற்றம் படிப்படியாகவே நிகழ்கிறது.

காலக்கணிப்பு இன்னும் வழுக்கலான இடம். வட்ட அகழி ஈமமேட்டைச் சுற்றியதாக இருக்கலாம், வீட்டைச் சுற்றியதாகவும் இருக்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத் தேடுவிளக்கு நிலையாகவும் இருக்கலாம். இரண்டு அகழிகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் எது முந்தியது என்பதைப் படம் சொல்லாது. அங்கே குழி தோண்டி மண்ணடுக்குகளின் வெட்டுமுகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.