டர்பனில் ஸ்ட்ரீமிங் ஆய்வு: பணம் போகும் வழியைத் தேடுவது எப்படி?

ஸ்ட்ரீமிங் தொலைக்காட்சியின் அரசியல் பொருளாதாரத்தை (அதன் உரிமையும் பணமும் அதிகாரமும் யாரிடம் என்பதை) தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆராய்பவர், நிகழ்ச்சிகளை விட்டு, உரிமையாளர் யார் என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. 1995-இல் டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சியைத் தொடங்கி, 2015-இல் தொடங்கப்பட்ட ஷோமேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையையும் நடத்திய மல்டிசாய்ஸ் நிறுவனம், 2025-இல் பிரான்சின் கனால் பிளஸ் நிறுவனத்தின் வசமானது. ஆகவே ஆண்டறிக்கைகளைக் கைமாற்றத்துக்கு முன், பின் எனப் பிரித்து, கடன், சந்தாதாரர் எண்ணிக்கை, ஒளிபரப்பு உரிமைச் செலவு ஆகியவற்றை அடிக்குறிப்புகளோடு படிக்க வேண்டும் (பளபளப்பான முன்பக்கங்களைத் தள்ளிவிடலாம்).

டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில், என்ன பார்க்கிறார்கள் என்பதைவிட, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பாட்டியின் தமிழ்த் தொடருக்கு மகன் சந்தா கட்ட, பேரன் கைப்பேசியில் வேறெதையோ பார்க்கலாம். நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஸ்ட்ரீமிங் பார்க்கத் தேவையான டேட்டாவின் விலை பற்றி அறிய, வோடகாம், எம்டிஎன் ஆகிய கைப்பேசி நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்ற தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் (சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்பு) 2019 அறிக்கையைப் படியுங்கள்.