ரஷ்ய மாயாஜாலப் படங்கள்: ரசிகர் கருத்தைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

1964-இல் அலெக்சாந்தர் ரோ இயக்கிய ‘மரோஸ்கோ’ படத்தைப் பற்றி ஒரு செக் நாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அங்கே கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வந்தால் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியே ஆகவேண்டும். செக் மொழி டப்பிங் வசனங்கள் பலருக்கு மனப்பாடம். அதே படம் ‘ஜாக் ஃப்ராஸ்ட்’ என்று பெயர் மாறி, ஆங்கிலம் பேசி அமெரிக்காவுக்குப் போனது. மோசமான படங்களைப் போட்டு நக்கலடிப்பதற்கென்றே இருந்த ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ நிகழ்ச்சி 1997-இல் அதைக் கையில் எடுத்தது. கோழிக்கால்களில் நிற்கும் சூனியக்கிழவியின் குடிசை, கதாநாயகனுக்கு முளைக்கும் கரடித் தலை, பன்றிகள் இழுக்கும் சறுக்குவண்டி என்று ஒன்றைக்கூட விடவில்லை. அதன் வழியாகப் படத்தை அறிந்த அமெரிக்கர்களுக்கு இன்றும் அது ஒரு வேடிக்கைப் படம்தான்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பாட்டி மடியில் கதை கேட்டவருக்கு, தற்பெருமை பேசியவன் தலை கரடித் தலையாவது எதிர்பார்த்த தண்டனை. கதை தெரியாதவருக்கு அது காரணமே இல்லாமல் நடக்கும் கூத்து. ஆகவே ‘சூப்பர்’, ‘குப்பை’ என்ற வார்த்தைகளை மட்டும் எண்ணி முடிவெடுப்பதுதான் முதல் தவறு. சொல்கிறவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பது அதைவிட முக்கியம்.

அதற்கும் முன்னால், அவர் சொல்வது நீங்கள் தேடும் படத்தைப் பற்றித்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே மாட்டியிருக்கிறேன். 2017-இல் வந்த ‘பஸ்லேத்னி பகதீர்’ குழந்தைகளோடு பார்க்கிற மாயாஜால நகைச்சுவை. ஆங்கிலத்தில் அதற்கு ‘தி லாஸ்ட் வாரியர்’ என்று பெயர். 2018-இல் வந்த ‘ஸ்கீஃப்’ என்ற படத்துக்கும் வெளிநாடுகளில் அதே பெயரைத்தான் வைத்தார்கள். அதில் கையும் தலையும் வெட்டுப்பட்டுப் பறக்கும். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து இந்த இரண்டாவதைப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் ரிமோட்டைத் தேடி ஓடினேன். ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று நான் படித்த கருத்தில் பிழையில்லை, அது வேறு படத்தின் கருத்து, அவ்வளவுதான்.

ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் கதையிலிருந்து பிறந்த ‘வீய்’ விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம். 1967-இல் ஒன்று, 2014-இல் ஒன்று என்று இரண்டு ‘வீய்’கள் பிரபலம். முதலாவது பயமுறுத்தும், இரண்டாவது பெரிய பட்ஜெட் சாகசம். இந்த 2014 படம் அமெரிக்காவில் ‘ஃபர்பிடன் எம்பயர்’, பிரிட்டனில் ‘ஃபர்பிடன் கிங்டம்’. பின்னதைத் தேடினால் 2008-இல் ஜாக்கி சானும் ஜெட் லீயும் நடித்த வேறொரு படம் வந்து நிற்கும். குழப்பம் போதாது என்பதுபோல, 2019-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜாக்கி சானே நடித்திருக்கிறார். ஜாக்கியும் அர்னால்டும் போஸ்டரை நிறைத்து நிற்பதைப் பார்த்து வந்தவர்கள், லண்டன் கோபுரச் சிறையில் நடக்கும் சில காட்சிகளோடு இருவர் பங்கும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறதே என்று நொந்துபோனார்கள். அந்தக் கோபம் போஸ்டர் மேல். படத்தைச் சுமப்பவர் முதல் பாகத்தைப் போலவே ஜேசன் ஃப்ளெமிங்.

எந்தப் பதிப்பு என்பதையும் கேட்கத் தவறுகிறோம். அலெக்சாந்தர் ப்துஷ்கோவின் ‘சத்கோ’ 1953-இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வாங்கியது. நோவ்கொரோத் நகரத்து இசைக்கலைஞன் ஒருவன் மகிழ்ச்சிப் பறவையைத் தேடிக் கடல் கடந்து இந்தியா வரைக்கும் வருகிற கதை. அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் அதை வாங்கி, வெட்டி, ஆங்கிலம் பேசவைத்து, 1962-இல் ‘சிந்துபாதின் மாயப் பயணம்’ என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டார். ஆங்கிலத் தழுவலில் வேலை செய்த இளைஞர், பின்னாளில் ‘காட்ஃபாதர்’ எடுத்த ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. ‘சிந்துபாத் ஏன் ரஷ்ய உடையில் திரிகிறான்?’ என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு ப்துஷ்கோ பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ‘பஸ்லேத்னி பகதீர்’ படத்துக்கே திரும்புவோம். கருத்துகளைப் படிப்பதில் உள்ள சிக்கலெல்லாம் இந்த ஒரு படத்தில் கூடிக் கிடக்கிறது. மாஸ்கோவில் மந்திரவாதி வேடம் போட்டுத் தொலைக்காட்சியில் பிழைக்கும் இவான் என்ற புரட்டன், நீர்விளையாட்டுப் பூங்காவின் சறுக்குக் குழாயில் வழுக்கிக்கொண்டு போய் பெலகோரியே என்ற கதை உலகத்தில் விழுகிறான். அங்கே தான் மாவீரன் இல்யா முராமெத்ஸின் மகன் என்று தெரிகிறது. அவனுக்குத் துணையாக வருபவர்கள் சூனியக்கிழவி பாபா யாகாவும், சாகாவரம் பெற்ற கஷ்செய்யும். வில்லன், தப்ரீன்யா நிகீதிச்.

இந்தக் கடைசி வாக்கியம் ரஷ்யரை எப்படித் தாக்கும் என்று புரிந்துகொள்ளாமல் அங்குள்ள கருத்துகளைப் படிக்கவே கூடாது. தப்ரீன்யா அவர்களுடைய பழம்பாடல்களின் மூன்று பெருவீரர்களில் ஒருவர். வஸ்நெத்சோவின் புகழ்பெற்ற ஓவியத்தில் இல்யாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக் குதிரையில் இருப்பவர் அவர்தான். பீமனைத் துரோகியாக்கி, சகுனியைக் கதாநாயகனின் தோழனாக்கி ஒருவர் படமெடுத்தால் நம் ஊரில் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எடுத்தது டிஸ்னி! ‘எங்கள் கதைகளை அந்நியன் கெடுக்கிறான்’ என்று ஒரு பக்கம் கொதித்தது. ‘நம் கதையில் இவ்வளவு புதுசா!’ என்று இன்னொரு பக்கம் கைதட்டியது. இத்தனைக்கும் இயக்குநர் த்மீத்ரி தியாச்சென்கோ, நடிகர்கள், கதை எல்லாமே உள்ளூர்.

வெளிநாட்டு ரசிகருக்கு இந்தக் கொதிப்பும் இல்லை, கைதட்டலும் இல்லை. தப்ரீன்யா யாரென்றே தெரியாதவருக்கு அவர் துரோகியாவதில் என்ன அதிர்ச்சி? ‘வழக்கமான வில்லன், எதிர்பார்த்த திருப்பம்’ என்று எழுதிவிட்டுப் போவார். தொடக்கத்தில் வரும் மந்திரவாதிப் போட்டியும் 2007-இலிருந்து ரஷ்யத் தொலைக்காட்சியில் ஓடும் ஒரு நிகழ்ச்சி மீதான கிண்டல். அது தெரியாவிட்டால் முதல் கால்மணி நேரம் சப்பென்றுதான் இருக்கும். மூன்று பேரும் மூன்று படம் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் பாபா யாகாவாக வரும் எலெனா யாகவ்லேவாவுக்காகவே பார்க்கலாம். சண்டைக் காட்சிகள் சுமார்தான்.

அப்புறம், வசூலைக் கருத்தாக எடுத்துக்கொள்வது. அந்தப் படம் ரஷ்யாவில் 170 கோடி ரூபிளுக்கு மேல் வசூலித்து, அதுவரை வந்த ரஷ்யப் படங்களையெல்லாம் தாண்டியது. அந்தச் சாதனை சில மாதம்கூட நிலைக்கவில்லை, அடுத்து வந்த ஒரு கூடைப்பந்துப் படம் அடித்துப் போய்விட்டது. இரண்டாம் பாகத்தை 2021 ஜனவரி 1 அன்று இறக்கினார்கள். அங்கே ஜனவரியின் முதல் வாரம் முழுக்க விடுமுறை, வெளியே பனி, வீடு நிறையப் பிள்ளைகள். தியேட்டர் நிரம்பியதில் படத்தின் பங்கு எவ்வளவு, காலண்டரின் பங்கு எவ்வளவு? ‘அவன் ஒரு டிராகன்’ என்ற 2015-ஆம் ஆண்டுப் படம் இதற்கு நேர் எதிர். சொந்த நாட்டில் போட்ட பணம் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு சீனாவுக்குப் போனது, அங்கே ரஷ்ய வசூலைப்போலப் பல மடங்கு எடுத்தது. டிராகனாக மாறும் இளைஞன் மேல் பெண்ணுக்கு வரும் காதலைச் சீன இளம்பெண்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

ரஷ்ய மொழிக் கருத்துகளை இயந்திர மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. திடீரென்று நடுவில் ‘கிரான்பெர்ரி’ என்று வந்தால் பழம் என்று நினைக்காதீர்கள். ரஷ்யாவைப் பற்றி வெளிநாட்டார் காட்டும் போலியான, மிகைப்படுத்திய சித்திரத்துக்கு அவர்கள் ‘க்ல்யூக்வா’ என்பார்கள். அந்தப் பழத்தின் பெயர்தான் அது. நல்ல வசவு. ‘ஒரு தடவைக்கு’ என்று வந்தால் நம் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ மாதிரியேதான், ஆனால் நாம் சொல்லும்போது இருக்கும் தாராளம் அதில் குறைவு. பார்த்தேன், மறந்தேன் என்ற பொருள்.

இன்னொன்று. இந்தப் படங்களில் பெரும்பாலானவை பத்து வயதுப் பிள்ளைகளை நம்பி எடுத்தவை. கருத்து எழுதுவதோ கிராபிக்ஸை ஹாலிவுட்டோடு ஒப்பிடும் முப்பத்தைந்து வயதுக்காரர்கள். பத்துக்கு ஆறு என்று சராசரி நின்றால், எழுதியவர்களில் ‘மகள் வாயைப் பிளந்து பார்த்தாள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்தவர்களைத் தேடிப் படியுங்கள். எனக்கு அந்த ஒரு வரி மூன்று பத்தி அலசலைவிட உதவியிருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை, வழவழக் காகிதத்து வாசனையோடு படித்து வளர்ந்த ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது. கோழிக்கால் குடிசை திரையில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றாலே அவர்களுக்குக் கண் கலங்கிவிடும், மிச்சப் படம் எப்படிப் போனாலும் கவலையில்லை. அவர்கள் எழுதும் பாராட்டில் நாலில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். யாகவ்லேவாவைப் பற்றி மேலே நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.