லோராசெபாம் ஓடும்போது லாக்டேட் ஏறினால்: ஆஸ்மோலார் கேப் போடும் முறை

மயக்கமருந்தான லோராசெபாம் இன்ஃப்யூஷன் (நரம்பு வழியாகத் தொடர்ந்து ஏற்றுவது) மூன்றாம் நாளாக ஓடுகிறது. பிபி நன்றாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. ஆனால் லாக்டேட் ஏறுகிறது, பைகார்பனேட் இறங்குகிறது (ரத்தத்தில் அமிலம் கூடுகிறது), கிரியேட்டினினும் மெல்லக் கூடுகிறது. செப்சிஸ் (ரத்தத்தில் பரவும் தொற்று) என்று ஆன்டிபயாடிக்கை மாற்றும் முன் ஆம்பூல் லேபிளைப் படியுங்கள். மருந்தைக் கரைத்துவைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலே நஞ்சாகியிருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது ஆஸ்மோலார் கேப்: அளந்த ஆஸ்மோலாலிட்டியிலிருந்து (ரத்தத்தில் கரைந்துள்ள துகள்களின் செறிவு) கணக்கிட்டதைக் கழித்தால் வருவது.

1. கரைப்பானைக் கூட்டுங்கள்

2 மி.கி./மி.லி. லோராசெபாமில் மி.லி.க்குச் சுமார் 830 மி.கி. புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கிறது. மணிக்கு 5 மி.கி. என்றால் நாளுக்கு 60 மி.லி.; கரைப்பான் மட்டும் ஏறத்தாழ 50 கிராம். 60 கிலோ ஆளுக்கு உணவு வழியாக உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு நாளுக்கு 1.5 கிராம்தான். ஃபெனிடோயின், டயாசெபாம் ஊசிகளிலும் பொதுவாக 40% இதுதான். அவற்றையும் சேருங்கள்.

2. ரத்தம் எடுங்கள்

ஆஸ்மோலாலிட்டி, சோடியம், குளுக்கோஸ், யூரியா நான்கும் ஒரே சாம்பிளில். காலை சோடியத்தை மாலை ஆஸ்மோலாலிட்டியோடு சேர்த்தால் கணக்கு உதவாது. உறைநிலை முறையில் அளக்கும் கருவியே நல்லது.

3. கணக்கு (சறுக்கும் இடம் இதுதான்)

2 × சோடியம் + குளுக்கோஸ் ÷ 18 + யூரியா ÷ 6 (குளுக்கோஸும் யூரியாவும் மி.கி./டெ.லி.யில்)

அமெரிக்கப் புத்தகங்களில் கடைசி எண் 2.8. அது பியூஎன்னுக்கு, அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜனுக்கு மட்டும். நம் லேப்கள் பெரும்பாலும் தருவது முழு யூரியா.

சோடியம் 140, குளுக்கோஸ் 126, யூரியா 84, அளந்தது 325 என்று வையுங்கள். 6ஆல் வகுத்தால் 280 + 7 + 14 = 301; கேப் 24. 2.8ஆல் வகுத்தால் 317. கேப் வெறும் 8. நஞ்சு கண்ணெதிரே இருந்தும் 'நார்மல்' என்று எழுதிவிடுவோம். குளுக்கோஸும் யூரியாவும் மில்லிமோலில் வந்தால் வகுக்காமல் அப்படியே கூட்டுங்கள்.

10ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். மேனிட்டால், கீட்டோஅசிடோசிஸ், மதுவும் கேப்பை ஏற்றும். ஆனால் குடியை நிறுத்தி மூன்று நாளான டெலிரியம் ட்ரெமன்ஸ் (குடியை விட்டதால் வரும் கடுமையான குழப்பமும் நடுக்கமும்) நோயாளியின் ரத்தத்தில் மது மிச்சமிருக்காது. பழியை அதன்மேல் போடாதீர்கள். இன்னொன்று: கல்லீரல் கரைப்பானை லாக்டேட்டாக மாற்ற மாற்ற கேப் சுருங்கும், அமிலம் கூடும். தாமதமாகப் பார்த்த சின்ன கேப் எதையும் விலக்காது.

4. சிகிச்சை

லோராசெபாமை நிறுத்துங்கள், ஆனால் மயக்கமருந்தே இல்லாமல் விடாதீர்கள், வலிப்பு வரும். மிடாசோலமில் இந்தக் கரைப்பான் இல்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் அது தேங்கும். வென்டிலேட்டரில் இருந்தால் புரோப்போஃபால்தான் என் தேர்வு. பைகார்பனேட் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. சிறுநீரகமும் கல்லீரலும் ஓடினால் கரைப்பானின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். அமிலம் கடுமையாகி, சிறுநீரும் குறைந்தால் ஹீமோடயாலிசிஸ். மூலக்கூறு எடை 76தான், எளிதாக வெளியேறும்.

பின்சேர்க்கை: ஆஸ்மோமீட்டர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். டோஸை வைத்து முடிவெடுங்கள். நாளுக்குக் கிலோவுக்கு 1 மி.கி. லோராசெபாமைத் தொட்டதும் தினம் இருமுறை பைகார்பனேட்டும் லாக்டேட்டும் பாருங்கள். போக்கு கெட்டால், கேப்புக்குக் காத்திராமல் மருந்தை மாற்றுங்கள்.