சர்வரில் டிஎச்சிபி வைக்கும்போது

அலுவலக சர்வரே எல்லாக் கணினிக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுக்க வேண்டுமா? முதலில் ரவுட்டரில் ஏற்கெனவே ஓடும் டிஎச்சிபியை, அதாவது தானாக முகவரி கொடுக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுத்தால் தலைவலிதான்.

சர்வருக்கு மட்டும் நிலையான முகவரி: 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம், வழங்கும் வரம்பு 192.168.1.100 முதல் 200 வரை இருந்தால் சிறிய அலுவலகத்துக்குத் தாராளம். அதற்குக் கீழே உள்ள எண்களை பிரிண்டர், கேமராவுக்கு ஒதுக்குங்கள். கேட்வே (இணையத்துக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) விவரங்களையும் டிஎச்சிபி அமைப்பிலேயே கொடுத்துவிட வேண்டும். ஐபி வந்தும் இணையம் வரவில்லையென்றால் எனக்கு முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான்.

ஏதாவது கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டுகிறதா? அப்படியென்றால் சர்வரிடமிருந்து அதற்குப் பதிலே வரவில்லை. சரி, கேபிளைப் பாருங்கள், பிறகு டிஎச்சிபி சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள்.